தாங்கல் கரைசலும் கரைதிறன் பெருக்கமும்: எடை முதலில், விலை அப்புறம்

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மூட்டை தராசில் ஏறும், முள் 32 கிலோ காட்டும். அதை யாரும் உடனே விலையால் பெருக்குவதில்லை. சாக்கின் எடையைக் கழிப்பார்கள். மழைநாள் என்றால் ஈரத்துக்கும் ஒரு கழிவு உண்டு. அதற்காக ஒரு சின்ன வாய்ச்சண்டையும் உண்டு. கடைசியில் நிற்கும் கிலோ எவ்வளவோ, அதுதான் நோட்டில் ஏறும். விலை அதற்குப் பிறகுதான்.

என் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தத் தராசைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அயனிச் சமநிலைப் பாடத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தால் கேள்வியில் உள்ள எண்களை அப்படியே எடுத்துச் சமன்பாட்டில் போட்டுவிடுகிறார்கள். சாக்கோடு சேர்த்து விலை போடுவது மாதிரி. பல வருடமாக விடைத்தாள் திருத்தியதில் நான் கண்டது இதுதான்: இந்தப் பாடத்தில் சமன்பாடு தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. பாத்திரத்துக்குள் கடைசியில் யார் யார், எத்தனை மோல் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இழப்பவர்கள்தான் அதிகம்.

சரி, ஆரம்பிக்கலாம். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵; அதன் லாக்கை எடுத்துக் குறியை மாற்றினால் வருவது பிகேஏ, 4.74. காரமான அம்மோனியாவுக்கு அதே மாதிரி வரும் பிகேபியும் 4.74. வெப்பநிலை 25 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். (ஜனவரிக் காலையில் நம் வகுப்பறை 10 டிகிரிதான் இருக்கும், அந்தக் குளிரில் தூய நீரின் நடுநிலை பிஎச் 7 அல்ல, ஏறத்தாழ 7.27. கேள்வித்தாளுக்குக் குளிராது என்பதால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.)

படி 1: பாத்திரத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

ஒரே அமிலம், ஒரே காரம். நான்கு பீக்கர்களிலும் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி. இருக்கிறது. அவற்றில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை முறையே 0, 50, 100, 120 மி.லி. ஊற்றுகிறோம். பிஎச் என்ன?

கேள்வி ஒன்றுபோலத்தான் தெரிகிறது, வழி நாலு. முதலில் எடை போடுவோம். அமிலம் 100 × 0.1 = 10 மில்லிமோல். இந்த மில்லிமோல் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்; மி.லி.யை மோலாரிட்டியால் பெருக்கினால் நேராகக் கிடைப்பது, ஆயிரத்தால் வகுக்கும் வேலை மிச்சம்.

முதல் பீக்கரில் காரமே இல்லை. வலிமை குறைந்த அமிலம் தனியாக நிற்கிறது. ஹைட்ரஜன் அயனியின் செறிவு √(1.8 × 10⁻⁵ × 0.1) = 1.34 × 10⁻³. பிஎச் 2.87.

இரண்டாவதில் 5 மில்லிமோல் காரம் விழுகிறது. வலிமை மிக்க காரம் வந்துவிட்டால் அமிலம் பேரம் பேசாது, முழுதாக வினைபுரியும். 10-ல் 5 போனால் அமிலம் 5, புதிதாகப் பிறந்த அசிட்டேட் 5. இப்போது வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் ஒன்றாக இருக்கின்றன. இதுதான் தாங்கல் கரைசல்: கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் பிஎச்சை அதிகம் அசைய விடாதது. இதன் பிஎச்சைத் தருவது படி 2-ல் வரும் ஹென்டர்சன் சமன்பாடு. இரண்டும் சமம் என்பதால் லாக் 1 = 0, பிஎச் = பிகேஏ = 4.74.

மூன்றாவதில் 10-க்கு 10. அமிலம் காலி. 200 மி.லி.யில் 10 மில்லிமோல் அசிட்டேட் மட்டும், அதாவது 0.05 மோலார் உப்புக் கரைசல். இங்கே தாங்கலும் இல்லை, ஹென்டர்சனும் இல்லை. உப்பு நீராற்பகுப்புச் சமன்பாடு வேண்டும்: பிஎச் = 7 + ½(4.74 + லாக் 0.05) = 7 + ½(4.74 − 1.30) = 8.72.

நான்காவதில் 12 மில்லிமோல் காரம். அமிலத்தை முழுக்கத் தின்றுவிட்டு 2 மில்லிமோல் மிச்சம் நிற்கிறது. கன அளவு 220 மி.லி. ஹைட்ராக்சைடு 2/220 = 0.0091 மோலார். பிஓஎச் (ஹைட்ராக்சைடுக்கான பிஎச் மாதிரி; இரண்டையும் கூட்டினால் 14) 2.04, பிஎச் 11.96. அசிட்டேட் கூடவே இருக்கிறது. ஆனால் வலிமை மிக்க காரம் இருக்கும் இடத்தில் அதன் குரல் கேட்காது.

“அமிலமும் காரமும் கலந்தால் தாங்கல் கரைசல் சார்” என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த நாலு பீக்கரைத்தான் முதல் நாள் கொடுப்பேன். நாலில் தாங்கல் ஒன்றுதான். வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் இரண்டுமே கடைசியில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே எல்லாம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாதா உப்பும் சேர்ந்தால் தாங்கலா என்று கேட்டால், இல்லை. குளோரைடு அயனிக்கு ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் ஆசையே கிடையாது.

படி 2: ஹென்டர்சன் சமன்பாடு, தலைகீழாகப் போடாமல்

அமெரிக்கரான லாரன்ஸ் ஹென்டர்சன் 1908-ல் இரத்தம் எப்படித் தன் அமிலத்தன்மையைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று ஆராயும்போது இந்த உறவை எழுதினார். அடுத்த வருடம் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பிஎச் அளவைக் கொண்டுவந்தார். பிறகு டென்மார்க்கின் ஹேசல்பாக் அதை லாக் வடிவத்துக்கு மாற்றினார். நம் பாடப்புத்தகத்தில் இருப்பது அந்த வடிவம்:

பிஎச் = பிகேஏ + லாக் ([உப்பு] ÷ [அமிலம்])

மேலே எது, கீழே எது என்று எனக்கே பிளஸ் டூ படிக்கும்போது குழம்பும். ஒரு திருப்புத்தேர்வில் தலைகீழாகப் போட்டு மூன்று கணக்கு போனது. அதன்பின் மனப்பாடத்தை நம்புவதை விட்டுவிட்டேன். உப்பு இங்கே காரத்தின் வேலையைச் செய்கிறது. அது கூடினால் பிஎச் கூடியாக வேண்டும். அப்படியானால் அது மேலேதான் இருக்க முடியும். இரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிகேஏ 6.1, பைகார்பனேட்டுக்கும் கரைந்த கரியமில வாயுவுக்கும் விகிதம் 20-க்கு 1. லாக் 20 = 1.30. கூட்டினால் 7.4. தலைகீழாகப் போட்டால் 4.8 வரும், அந்த இரத்தத்தோடு யாரும் பரீட்சை எழுத வர முடியாது.

இனி ஒரு கணக்கை நிதானமாகப் பார்ப்போம். 1 லிட்டர் கரைசலில் 0.20 மோல் அசிட்டிக் அமிலமும் 0.30 மோல் சோடியம் அசிட்டேட்டும் இருக்கின்றன. பிஎச் என்ன? 0.05 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் என்ன ஆகும்?

முதல் பாதி எளிது. 4.74 + லாக் 1.5 = 4.74 + 0.18 = 4.92.

இரண்டாம் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடை போடுங்கள். வந்த அமிலம் யாரைத் தாக்கும்? உப்பை. அசிட்டேட் 0.30-லிருந்து 0.05 குறைந்து 0.25. போன அசிட்டேட் எங்கே? அசிட்டிக் அமிலமாக மாறிவிட்டது. ஆக அமிலம் 0.20 + 0.05 = 0.25. இரண்டும் சமம், பிஎச் 4.74. இறக்கம் 0.18 மட்டுமே. இதே 0.05 மோலை 1 லிட்டர் தூய நீரில் ஊற்றியிருந்தால் பிஎச் 7-லிருந்து 1.30-க்கு விழுந்திருக்கும்.

அமிலத்துக்குப் பதில் 0.05 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வந்தால் எதிர்த்திசை. அமிலம் 0.15, உப்பு 0.35, விகிதம் 2.33, லாக் 0.37, பிஎச் 5.11.

ஒரு பக்கம் கழித்ததை மறு பக்கம் கூட்ட மறந்துவிடுவார்கள். இதுதான் இந்தக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் தவறு. மூன்று வரிப் பட்டியல் போட்டால் மறக்காது: முன்பு, மாற்றம், பின்பு. சோம்பல் பட்டு மனக்கணக்காகச் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

“சார், மொத்தக் கன அளவால் வகுக்கலையே?” என்று யாராவது கேட்பார்கள். வகுத்துப் பாருப்பா. இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன. மேலேயும் கீழேயும் அதே லிட்டர், வெட்டுப்பட்டுவிடும். எனவே ஹென்டர்சன் சமன்பாட்டுக்கு மோலே போதும். உதாரணமாக 0.2 மோலார் அசிட்டிக் அமிலம் 60 மி.லி., 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 40 மி.லி. அமிலம் 12 மில்லிமோல், காரம் 4. வினை முடிந்ததும் அமிலம் 8, உப்பு 4. பிஎச் = 4.74 + லாக் 0.5 = 4.44. இந்த 100 மி.லி. எங்கேயும் தேவைப்படவில்லை. ஆனால் இந்தச் சலுகை ஹென்டர்சனுக்கு மட்டும்தான். நான்காவது பீக்கரில் 220-ஆல் வகுத்தோம் இல்லையா, அங்கே வகுக்காமல் தப்ப முடியாது. கரைதிறன் பெருக்கத்திலும் முடியாது.

தாங்கும் அளவு எவ்வளவு?

தேயிலைக்கு மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. வருடக்கணக்காக அம்மோனியம் சல்பேட், யூரியா போட்டால் மண் இன்னும் புளித்துப்போகும். அப்போது டோலமைட் போடுவார்கள். இதில் பிள்ளைகளைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு தோட்டங்களின் மண் பரிசோதனைச் சீட்டிலும் அதே பிஎச் இருக்கும். ஆனால் சோலைக்காட்டு ஓரம் இருக்கும் கறுத்த, மக்கு நிறைந்த மண்ணுக்கு அதிக டோலமைட் தேவைப்படும். மணல் கலந்த மண்ணுக்குக் கொஞ்சம் போதும். களிமண் துகளிலும் மக்கிலும் பிடித்துவைக்கப்பட்ட அமிலம் சீட்டில் உள்ள பிஎச் எண்ணில் தெரிவதில்லை. பிஎச் சொல்வது விகிதத்தை. எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது மொத்த இருப்பு.

பீக்கரிலும் இதேதான். ‘பெரிய’ கரைசல்: அமிலம் 0.20, உப்பு 0.30 மோல். ‘சின்ன’ கரைசல்: அமிலம் 0.02, உப்பு 0.03 மோல். இரண்டும் ஒரு லிட்டர், இரண்டுக்கும் பிஎச் 4.92. இரண்டிலும் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள். பெரியதில் 0.29-க்கு 0.21, பிஎச் 4.88, அசைந்த மாதிரியே தெரியாது. சின்னதில் 0.02-க்கு 0.03, பிஎச் 4.56.

சின்னதில் 0.05 மோல் ஊற்றினால்? போன வருடம் ஒரு மாணவி இந்தக் கணக்கில் உப்பு = 0.03 − 0.05 = −0.02 என்று எழுதிவிட்டு லாக் அட்டவணையில் மைனஸ் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அவளே, “சார், உப்பு தீர்ந்துபோச்சு” என்றாள். தீர்ந்துபோனதுதான் விடை. 0.03 மோல் அமிலம் உப்போடு போய்விட்டது, மிச்சம் 0.02 மோல் வலிமை மிக்க அமிலம் 1 லிட்டரில். பிஎச் 1.70. எடை போடும்போது மைனஸ் வந்தால் தாங்கல் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

கேட்ட பிஎச்சுக்குக் கரைசல் தயாரிப்பது

0.2 மோலார் அம்மோனியா 500 மி.லி. இருக்கிறது. பிஎச் 9.00 வர எத்தனை கிராம் அம்மோனியம் குளோரைடு சேர்க்க வேண்டும்?

காரத் தாங்கல் என்றதும் பிஓஎச்சுக்கு மாறிவிடுங்கள். பிஎச்சிலேயே இழுத்தடித்தால் குறி தவறும். பிஓஎச் = 14 − 9 = 5.00. இது பிகேபி + லாக் (உப்பு ÷ காரம்). 5.00 − 4.74 = 0.26. எதிர்லாக் எடுத்தால் விகிதம் 1.82. காரம் 500 × 0.2 = 100 மில்லிமோல், அதாவது 0.1 மோல். உப்பு 0.182 மோல். அம்மோனியம் குளோரைடின் மூலக்கூறு நிறை 53.5. பெருக்கினால் 9.74 கிராம்.

விடை வந்ததும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். இந்தத் தாங்கலின் நடுப்புள்ளி 14 − 4.74 = 9.26. கேட்டது 9.00, அதாவது நடுப்புள்ளியை விடக் கொஞ்சம் அமிலப் பக்கம். அம்மோனியம் அயனி அமிலம் என்பதால் உப்பு காரத்தை விட அதிகம் இருக்க வேண்டும். 0.182 > 0.1. சரியாக இருக்கிறது. இந்தச் சரிபார்ப்புக்குப் பத்து வினாடி போதும்.

லாக் பற்றி இரண்டு வரி. கால்குலேட்டர் இல்லாமல் எழுதுகிறவர்கள் லாக் 2 = 0.30, லாக் 3 = 0.48, லாக் 7 = 0.85 மூன்றையும் வைத்துக்கொண்டால் போதும். 5 என்பது 10 ÷ 2, ஆகவே 1 − 0.30 = 0.70. 1.8 என்பது 18-ல் பத்தில் ஒன்று: 0.30 + 0.96 − 1 = 0.26. வர்க்கமூலம் எடுக்கும்முன் அடுக்கை இரட்டைப்படை ஆக்குங்கள், கனமூலம் என்றால் மூன்றின் மடங்காக்குங்கள். அவ்வளவுதான்.

படி 3: கரைதிறன் பெருக்கம்

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இன்றும் இந்த மலையில் இருக்கின்றன. கறுப்பு வெள்ளை பிலிம் மேல் பூசியிருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி ஹாலைடு படிகங்கள், முக்கியமாக வெள்ளி புரோமைடு. அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதில் தொடங்கலாம். கரைந்து நிற்கும் அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண் தாண்ட முடியாத எல்லைதான் கரைதிறன் பெருக்கம் (கேஎஸ்பி என்போம்); தாண்டினால் உப்பு வீழ்படிவாக இறங்கிவிடும். வெள்ளி புரோமைடுக்கு அது 5 × 10⁻¹³.

கரைதிறனை ‘க’ என்று வைப்போம். ஒரு வெள்ளி புரோமைடு கரைந்தால் ஒரு வெள்ளி அயனி, ஒரு புரோமைடு அயனி. எனவே க × க = 5 × 10⁻¹³ = 50 × 10⁻¹⁴. க = 7.07 × 10⁻⁷ மோல்/லிட்டர். மூலக்கூறு நிறை 187.8-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு 0.13 மில்லிகிராம். பிலிமை எத்தனை முறை கழுவினாலும் பூச்சு கரையாததற்கு இந்த எண்தான் காரணம். ஒளி படாத வெள்ளி புரோமைடைக் கரைத்து எடுக்கத் தண்ணீர் போதாது, ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) வேண்டும். தயோசல்பேட் அயனி வெள்ளி அயனியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது 0.1 மோலார் பொட்டாசியம் புரோமைடு கரைசலில் அதே வெள்ளி புரோமைடைப் போடுங்கள். பாத்திரத்துக்குள் யார் ஏற்கெனவே இருக்கிறார்கள்? புரோமைடு, 0.1 மோலார். உப்பிலிருந்து வரும் புரோமைடு அதன் முன் தூசு. ஆகவே க × 0.1 = 5 × 10⁻¹³, க = 5 × 10⁻¹². ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு குறைந்துவிட்டது. பொது அயனி விளைவு என்பது இதுதான். 0.1 + க என்று எழுதி இருபடிச் சமன்பாடு போடும் பிள்ளைகளைத் தடுக்க மாட்டேன். ஆனால் க இவ்வளவு சின்னதாக இருக்கும்போது அந்தக் கூட்டல் நேர விரயம்.

அயனிகளின் எண்ணிக்கை மாறும்போதுதான் கைகள் நடுங்கும். வெள்ளி குரோமேட், கேஎஸ்பி 1.1 × 10⁻¹². ஒரு மூலக்கூறு கரைந்தால் வெள்ளி இரண்டு, குரோமேட் ஒன்று. வெள்ளியின் செறிவு 2க. கேஎஸ்பி = (2க)² × க = 4க³. க³ = 2.75 × 10⁻¹³ = 275 × 10⁻¹⁵, க = 6.5 × 10⁻⁵.

“இரண்டால் பெருக்கினோம், எதற்கு மறுபடியும் வர்க்கம்?” இது நியாயமான கேள்வி. இரண்டால் பெருக்கியது எடை போடும் வேலை: எத்தனை வெள்ளி அயனி உண்மையில் நீரில் இருக்கிறது என்று எண்ணினோம். வர்க்கம் போட்டது சமநிலை விதி: சமன்பாட்டில் வெள்ளிக்கு முன்னால் 2 இருப்பதால் வந்தது. இரண்டும் வேறு வேறு வேலை.

இன்னொரு பொறியும் இதிலேயே இருக்கிறது. வெள்ளி குளோரைடின் கேஎஸ்பி 1.8 × 10⁻¹⁰. குரோமேட்டை விடப் பெரியது. எது குறைவாகக் கரையும் என்று கேட்டால் பலரும் குரோமேட் என்பார்கள். குளோரைடின் கரைதிறன் 1.34 × 10⁻⁵, குரோமேட்டினுடையது 6.5 × 10⁻⁵. குறைவாகக் கரைவது குளோரைடுதான். அயனி எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டுமே கேஎஸ்பியை நேராக ஒப்பிடலாம்.

வீழ்படிவு வருமா, வராதா?

0.04 மோலார் காரீய நைட்ரேட் 100 மி.லி.யையும் 0.04 மோலார் சோடியம் குளோரைடு 100 மி.லி.யையும் கலக்கிறோம். காரீய குளோரைடின் கேஎஸ்பி 1.6 × 10⁻⁵. வீழ்படிவு உண்டாகுமா?

இந்த ஒரு கணக்கில் இரண்டு குழி. நான் வேண்டுமென்றே தோண்டி வைத்தது.

முதல் குழி: கேள்வியில் உள்ள 0.04-ஐ அப்படியே போடுவது. 0.04 × (0.04)² = 6.4 × 10⁻⁵. கேஎஸ்பியை விடப் பெரியது, எனவே வீழ்படிவு உண்டு என்று எழுதுவார்கள். தவறு. இரண்டு கரைசலும் சேர்ந்து 200 மி.லி. ஆகிவிட்டது, இரண்டு செறிவும் பாதி, 0.02.

இரண்டாவது குழி கொஞ்சம் ஆழம். பாதியாக்கத் தெரிந்த பிள்ளை, வெள்ளி குரோமேட்டில் கற்ற 2-ஐ இங்கேயும் கொண்டுவந்து குளோரைடை 0.04 ஆக்கும். 0.02 × (0.04)² = 3.2 × 10⁻⁵. மறுபடி வீழ்படிவு, மறுபடி தவறு. இங்கே குளோரைடு காரீய குளோரைடிலிருந்து வரவில்லை, சோடியம் குளோரைடிலிருந்து வந்தது. அதன் செறிவு 0.02 என்று எடை போட்டாயிற்று, எதற்கு இரட்டிப்பு?

சரியான அயனிப் பெருக்கம் 0.02 × (0.02)² = 8 × 10⁻⁶. கேஎஸ்பியை விடக் குறைவு. வீழ்படிவு வராது, கரைசல் தெளிவாகவே இருக்கும்.

இரண்டும் சேர்ந்து வந்தால்

நான் பி.எஸ்சி. படித்தபோது உப்புப் பகுப்பாய்வுத் தேர்வில் எனக்கு வந்தது மக்னீசியம். எழுதிக்கொடுத்தது அலுமினியம். மூன்றாம் தொகுதியில் (அலுமினியம், இரும்பு போன்றவற்றை ஹைட்ராக்சைடாக இறக்கிப் பிரிக்கும் கட்டம்) அம்மோனியம் ஹைட்ராக்சைடு விட்டதும் வெள்ளையாகக் கூழ் போல வந்தது. முதலில் அம்மோனியம் குளோரைடு சேர்க்க மறந்துவிட்டேன் என்பது வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மறதியைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். தாங்கலும் கரைதிறன் பெருக்கமும் கைகோக்கும் இடம் இது.

மக்னீசியம் அயனி 0.01 மோலார், அம்மோனியா 0.1 மோலார். மக்னீசியம் ஹைட்ராக்சைடின் கேஎஸ்பி 1.8 × 10⁻¹¹.

நான் செய்தது: அம்மோனியா மட்டும். ஹைட்ராக்சைடு √(1.8 × 10⁻⁵ × 0.1) = 1.34 × 10⁻³. அயனிப் பெருக்கம் 0.01 × (1.34 × 10⁻³)² = 1.8 × 10⁻⁸. கேஎஸ்பியைப் போல் ஆயிரம் மடங்கு. மக்னீசியம் வீழ்படிவாக இறங்காமல் என்ன செய்யும்?

செய்திருக்க வேண்டியது: அம்மோனியம் குளோரைடும் 0.1 மோலார் இருக்கும்படி முதலில் சேர்ப்பது. இப்போது அது தாங்கல் கரைசல். ஹைட்ராக்சைடு = 1.8 × 10⁻⁵ × (காரம் ÷ உப்பு) = 1.8 × 10⁻⁵. அயனிப் பெருக்கம் 0.01 × 3.24 × 10⁻¹⁰ = 3.24 × 10⁻¹². கேஎஸ்பிக்குக் கீழே. மக்னீசியம் கரைசலிலேயே நின்றுவிடும். அதே கரைசலில் இரும்பு இருந்திருந்தால்? இரும்பு மூன்று ஹைட்ராக்சைடுக்கு அயனிப் பெருக்கம் 0.01 × (1.8 × 10⁻⁵)³ = 5.8 × 10⁻¹⁷. அதன் கேஎஸ்பி 10⁻³⁸-ஐ ஒட்டியது. இவ்வளவு கொஞ்சம் ஹைட்ராக்சைடே அதற்குத் தாராளம், சந்தேகமில்லாமல் கீழே வரும். மூன்றாம் தொகுதியின் பிரிப்பு வேலை முழுதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கடைசிக் கேள்வி: மக்னீசியம் வீழ்படியாமல் இருக்க, ஒரு லிட்டருக்குக் குறைந்தது எத்தனை கிராம் அம்மோனியம் குளோரைடு வேண்டும்?

இதில் எடை எதிர்ப்பக்கத்திலிருந்து போட வேண்டும். மக்னீசியம் பொறுத்துக்கொள்ளும் அதிகபட்ச ஹைட்ராக்சைடு எவ்வளவு? √(1.8 × 10⁻¹¹ ÷ 0.01) = √(18 × 10⁻¹⁰) = 4.24 × 10⁻⁵. அந்த அளவிலேயே ஹைட்ராக்சைடை நிறுத்த, உப்பு ÷ காரம் = 1.8 × 10⁻⁵ ÷ 4.24 × 10⁻⁵ = 0.424. காரம் 0.1 என்பதால் உப்பு 0.0424 மோல். 53.5-ஆல் பெருக்கினால் 2.27 கிராம்.

ஆய்வகத்தில் யாரும் லிட்டர் கணக்கில் செய்வதில்லை. சோதனைக் குழாயில் இருப்பது 5 மி.லி. போல, அதற்கு 0.011 கிராம். ஸ்பேட்டுலா நுனியில் அள்ளிப் போடும் ஒரு சிட்டிகை இதைப் போல் பல மடங்கு இருக்கும். நான் போட மறந்தது அந்த ஒரு சிட்டிகையைத்தான்.